குதிரை பேசினால் பேசிவிட்டுப் போகட்டும்: ‘டார்க் தியரி’ வீடியோ போடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பழைய டிவி காமெடிகளுக்கும் கார்ட்டூன்களுக்கும் ‘மறைக்கப்பட்ட உண்மை’ கண்டுபிடித்து வீடியோ போடும் தம்பி தங்கைகளுக்கு,

நலம் விசாரிப்பெல்லாம் இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். போன மாதம் உங்களில் ஒருவர், பேசும் குதிரையை வைத்து வந்த பழைய டிவி காமெடியான ‘மிஸ்டர் எட்’ தொடரைப் பற்றி ஒரு வீடியோ போட்டார். சேனல் பெயரைச் சொல்லப் போவதில்லை, யாரும் தேடிப் போய்த் திட்டவும் வேண்டாம், ஏனென்றால் இது ஒருவர் மட்டும் செய்கிற வேலை இல்லை, ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்கிற வேலை. தம்ப்நெயிலில் குதிரையின் கண் ரத்தச் சிவப்பு. பின்னணியில் பேய்ப்பட வயலின். முதல் பாதியில் சொன்னது: குதிரை பேசவே இல்லை, அதன் எஜமானர் வில்பருக்கு மனச்சிதைவு நோய், கேட்கிற குரலெல்லாம் அவர் தலைக்குள்தான். இரண்டாம் பாதியில் சொன்னது: அந்தக் குதிரை ஒரு சைக்கோ, வில்பரை மனைவியிடமிருந்து பிரித்துத் தன் அடிமையாக வைத்துக்கொள்ளத் திட்டம் போடுகிறது. பேசவே பேசாத குதிரை எப்படி ஐயா திட்டம் போடும்? முதல் பாதியை எழுதியவரும் இரண்டாம் பாதியை எழுதியவரும் சந்தித்துக்கொள்ளவே இல்லையா?

இதைத்தான் கமெண்டில் மரியாதையாக, எந்த எபிசோடில் என்ன நடக்கிறது என்ற விவரத்தோடு எழுதினேன். சாயங்காலம் பார்த்தால் கமெண்டைக் காணோம். மறுபடி போட்டேன், பிளாக் செய்துவிட்டார்கள். ‘அண்ணா வேற லெவல்’ என்று நெருப்பு எமோஜி போட்டவர்கள் எல்லாம் பத்திரமாக இருக்கிறார்கள். சரி, அங்கே இடமில்லை என்றால் இங்கே எழுதுகிறேன்.

தொடரைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம். 1961 ஜனவரியில் அமெரிக்காவில் தொடங்கியது. அதே வருடம் அக்டோபரில் சி.பி.எஸ். தொலைக்காட்சி நிறுவனம் எடுத்துக்கொண்டது. 1966 பிப்ரவரி வரை 143 எபிசோடு, எல்லாம் கறுப்பு வெள்ளை. வில்பர் போஸ்ட் என்கிற கட்டட வடிவமைப்பாளர் மனைவி கேரலோடு புது வீட்டுக்குக் குடிவருகிறார், பழைய சொந்தக்காரர் விட்டுப்போன எட் என்ற குதிரை கொட்டகையில் நிற்கிறது. அது அவரிடம் பேசுகிறது. அவரிடம் மட்டும். ஏன் இதுவரை யாரிடமும் பேசவில்லை என்றால், பேசத் தகுந்த ஆள் அமையவில்லையாம்! திமிர், தனிமை, ஆள் பார்த்துப் பழகும் சுபாவம், எல்லாம் முதல் எபிசோடிலேயே வந்துவிடுகிறது. எட்டின் குணத்தைத் தோண்டி எடுக்க உங்களுக்கு மண்வெட்டி எதுவும் தேவையில்லை, அது மேலேயே கிடக்கிறது.

இப்போது உங்கள் தியரிக்கு வருவோம். எட் போனில் பேசும். கொட்டகையில் இருக்கும் தொலைபேசியில் தானே யாரையாவது கூப்பிட்டுக் குரலைக் கொஞ்சம் மிடுக்காக்கிக்கொண்டு காரியம் சாதிக்கப் பார்க்கும். மறுமுனையில் இருப்பவருக்கு அந்தக் குரல் கேட்கிறது, அவர் பதில் சொல்கிறார், பேசுவது குதிரை என்று மட்டும் அவருக்குத் தெரியாது. அந்தச் சமயத்தில் வில்பர் கொட்டகையிலேயே இருக்க மாட்டார். நோயாளி இல்லாத இடத்தில் நோயாளியின் பிரமை தனியாக உட்கார்ந்து போன் பேசுமா? 1963ல் வந்த பேஸ்பால் எபிசோடையும் பாருங்கள். டாட்ஜர்ஸ் அணியின் லியோ டுரோச்சர், பந்து வீச்சாளர் சாண்டி கோஃபாக்ஸ் எல்லாரும் அவரவராகவே வருகிறார்கள். கோஃபாக்ஸ் வீச, எட் மட்டையை வாயில் கவ்வி அடித்துவிட்டு மைதானத்தைச் சுற்றி ஓடி, கடைசித் தளத்தில் சறுக்கி விழுந்து ஹோம் ரன் எடுக்கிறது. அத்தனை பேரும் வாயைப் பிளந்து பார்க்கிறார்கள். அதுவும் வில்பரின் கற்பனைதான் என்பீர்கள். அப்படியானால் டாட்ஜர்ஸும் கற்பனை, கேரலும் கற்பனை, வீடும் கற்பனை. எதைக் காட்டினாலும் அதையும் விழுங்கிவிடுகிற தியரிக்குத் தோற்க வழியே இல்லை, தோற்க வழி இல்லாததால்தான் அதில் சரக்கும் இல்லை.

உங்களுக்கு முன்பே இந்தச் சந்தேகத்தை எழுப்பி, சிரித்து, முடித்துவிட்டார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய வேடிக்கை. ‘மிஸ்டர் எட்’ தொடரின் இயக்குநர் ஆர்தர் லூபின் அதற்கு முன் பேசும் கோவேறு கழுதை ஒன்றை வைத்துப் படங்கள் எடுத்தவர். பிரான்சிஸ் என்று பெயர், முதல் படம் 1950ல். அதில் ஒரு ராணுவ லெப்டினன்ட், கழுதை சொன்ன தகவலை மேலதிகாரிகளிடம் போய்ச் சொல்வார். யார் சொன்னது என்று கேட்டால் மறைக்கத் தெரியாமல் உண்மையைச் சொல்லிவிடுவார். நேராக மனநல வார்டு. வெளியே வருவார், மறுபடி உண்மையைச் சொல்வார், மறுபடி வார்டு. படத்தின் முக்கியமான காமெடியே அதுதான். கடைசியில் மற்றவர்களுக்கும் கழுதையின் குரல் கேட்டு, அந்த ஆளுக்கு ஒன்றுமில்லை என்று ஊருக்கே தெரியவரும். 1950லேயே சொல்லி முடித்த ஜோக்கை எழுபத்தைந்து வருடம் கழித்து வயலின் போட்டுக் ‘கண்டுபிடிப்பு’ என்கிறீர்கள்.

உங்கள் வீடியோக்களைப் பார்த்தால் கோல அச்சுதான் ஞாபகம் வருகிறது, எந்த வாசலில் வைத்துத் தட்டினாலும் ஒரே கோலம் விழும். டோரேமானா? நோபிதா ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறான், பேசும் பூனை அவன் கனவு. இது ஜப்பானிலேயே பல வருடம் சுற்றிய புரளி. அந்தக் கதையைப் படைத்தவர் 1996ல் இறந்தார், அப்படி ஒரு முடிவை அவர் எழுதவே இல்லை. ஸ்கூபி டூவா? நாய் பேசவில்லை, அதோடு சுற்றும் ஷாகிக்குப் போதை. எட்டா? வில்பருக்குப் பைத்தியம். மிருகத்தின் பெயரை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டால் ஸ்கிரிப்ட் தயார்.

நான் பல வருடமாக இந்தப் பழைய காமெடிகளை ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் பார்க்கிறவன். பார்த்துப் பார்த்து எனக்குப் புரிந்த ஒன்றைச் சொல்கிறேன், உங்களுக்கு வீடியோவுக்கும் உதவும். பேசும் மிருகத்தின் குணத்தைத் தீர்மானிப்பது அதன் குரல் யாருக்குக் கேட்கிறது என்ற விதி. 1955லிருந்து 1958 வரை வந்த ‘தி பீப்பிள்ஸ் சாய்ஸ்’ தொடரில் கிளியோ என்று ஒரு பாசெட் ஹவுண்ட் நாய், தொங்கும் காது, தூங்கும் கண். அது மனசுக்குள் நினைப்பது பார்க்கிற நமக்கு மட்டும் கேட்கும், வீட்டில் இருக்கிற யாருக்கும் கேட்காது. அதனால் கிளியோ ஒரு விமர்சகர் ஆகிவிட்டது. குடும்பம் அடிக்கிற கூத்தை எல்லாம் நம்மிடம் ஓரமாகச் சொல்லிச் சிரிக்கும், எதையும் மாற்ற அதனால் முடியாது. 1961ன் ‘டாப் கேட்’ பூனை எல்லாரிடமும் பேசும், ரோந்து போலீஸ்காரரிடமும்தான். அதனால் அது பக்கா ஏமாற்றுப் பேர்வழி. ஃபில் சில்வர்ஸ் நடித்த சார்ஜன்ட் பில்கோ என்ற டிவி கதாபாத்திரத்தைப் பார்த்துச் செய்தது. ஊரையே பேச்சால் மடக்க வேண்டும் என்றால் ஊருக்கே குரல் கேட்டாக வேண்டும் இல்லையா?

எட் நடுவில் நிற்கிறது. ஒரே ஒரு ஆளுக்குக் கேட்கும். அதனால் அதற்கு அந்த ஒரு ஆள்தான் நண்பன், எஜமான், அப்பா, பேச்சுத்துணை. வில்பர் கேரலோடு வெளியே கிளம்பினால் எட்டுக்கு முகம் தூக்கிக்கொள்ளும். உடம்பு சரியில்லை என்று பாசாங்கு பண்ணும். இதைத்தான் நீங்கள் ‘மனைவியிடமிருந்து பிரிக்கும் சைக்கோ’ என்கிறீர்கள். வீட்டில் இரண்டாவது குழந்தை பிறந்த அன்று மூத்தது என்ன செய்தது என்று உங்கள் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். அப்புறம் இன்னொன்று கவனியுங்கள், வில்பர் தன் அலுவலகத்தை அந்தக் கொட்டகையிலேயே வைத்திருக்கிறார். மேஜை, வரைபடம், போன், பக்கத்தில் அரைக் கதவுக்கு மேல் தலையை நீட்டும் குதிரை. அந்தக் காலக் காமெடிகளில் அப்பாக்கள் காலையில் தொப்பி போட்டுக்கொண்டு ஆபீஸ் போவார்கள், அங்கே அவர்களுக்குச் சக ஊழியர் உண்டு. வில்பருக்கு அந்த வாய்ப்பு இல்லை. வீட்டிலிருந்து வேலை செய்கிறவரின் சக ஊழியர் எட். வேலையைக் கெடுக்கிற, வம்பு பேசுகிற, டீ நேரத்தில் தோளில் சாய்கிற சக ஊழியர். இது என் வாசிப்பு. ஒப்புக்கொள்ள வேண்டாம், ஆனால் எதை வைத்துச் சொல்கிறேன் என்று காட்டிவிட்டேன். அந்த மேஜை திரையில் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம்.

இருட்டுக் கதைதான் வேண்டும் என்றால் அதுவும் இருக்கிறது, திரைக்குப் பின்னால். எட்டின் குரல் ஆலன் லேன் என்ற நடிகருடையது. ராக்கி லேன் என்பார்கள். ரிபப்ளிக் கம்பெனியின் கௌபாய் படங்களில் கதாநாயகனாக இருந்தவர், திரையில் தொப்பியும் துப்பாக்கியுமாகக் குதிரை மேல் வந்தவர். அந்த வகைப் படங்கள் ஓய்ந்துபோனபின் கடைசியில் குதிரைக்குக் குரல் கொடுத்தார். டைட்டில் கார்டில் அவர் பெயர் இல்லை. ‘மிஸ்டர் எட் ஆக, அவரே’ என்றுதான் போட்டார்கள். எட் ‘வில்பர்’ என்று இழுத்துக் கூப்பிடும்போது கேட்கிற அந்தக் கனத்த, கொஞ்சம் சலித்த, எல்லாவற்றையும் பார்த்துவிட்ட தொனி எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? குதிரையின் பாதிக் குணம் அந்த மனிதரின் தொண்டையில் இருக்கிறது. உங்கள் வீடியோவில் அவர் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை.

மீதிப் பாதி பாம்பூ ஹார்வெஸ்டர் என்ற உண்மையான குதிரையிடமும், அதைப் பழக்கிய லெஸ் ஹில்டனிடமும். உதடு எப்படி அசைந்தது என்று கேட்டவர்களுக்கெல்லாம் வில்பராக நடித்த ஆலன் யங், ஈறில் வேர்க்கடலை வெண்ணெய் தடவுவோம் என்று கதை விட்டார். பல வருடம் கழித்து, அது தானே இட்டுக்கட்டியது என்று அவரே சொன்னார். முதலில் ஒரு நைலான் இழையை வைத்துச் செய்தார்களாம். அப்புறம் ஹில்டன் குளம்பைத் தொட்டால் உதட்டை அசைக்க அது கற்றுக்கொண்டதாம். கடைசியில் தொடக்கூட வேண்டியிருக்கவில்லை, யங் வசனத்தை முடித்து நிறுத்தினால் இப்போது தன் முறை என்று அதுவே அசைக்கத் தொடங்கிவிட்டது என்றார். ஹில்டன் அதட்டினால் குதிரை நேராக யங்கிடம் போய் ஒட்டிக்கொண்டு நிற்குமாம். ஏதாவது ஒரு காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள், யங் வாயை மூடிய அடுத்த கணம் குதிரையின் மேல் உதடு ஒரு பக்கமாகச் சுருண்டு ஏறும், காது மட்டும் அவர் பக்கமே திரும்பியிருக்கும். அந்தக் காதை நடிக்க வைக்க முடியாது. (இதே ஆலன் யங்தான் பின்னாளில் ‘டக் டேல்ஸ்’ கார்ட்டூனில் ஸ்க்ரூஜ் வாத்துக்குக் குரல் கொடுத்தார். பேசும் குதிரையிடம் அத்தனை வருடம் பாடம் கேட்டவர் தானே பேசும் வாத்து ஆனார்.)

இந்தக் குதிரையைப் பற்றிப் புரளி கிளப்புவது உங்களோடு தொடங்கியதும் இல்லை. 1986ல் ஒஹையோ மாநிலத்தின் ஐயர்ன்டன் ஊரில் மதபோதகர்கள் அந்தத் தொடரின் பாட்டைத் தலைகீழாக ஓட்டிக் கேட்டுவிட்டு, சாத்தானைத் துதிக்கும் வரி அதில் இருக்கிறது என்றார்கள், பிள்ளைகள் ரெக்கார்டுகளைக் கொளுத்தினார்கள். குதிரைக்குக் கேரட் கொடுக்கும் காமெடியின் பாட்டை! பிறகு இணையம் வந்தது. புரளிகளைச் சரிபார்க்கும் ஸ்னோப்ஸ் தளம், எதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள் என்று புரியவைக்கவே வேண்டுமென்று ஒரு பொய்யை எழுதி வைத்தது: எட் உண்மையில் ஒரு வரிக்குதிரை, கறுப்பு வெள்ளைத் திரையில் வரி தெரியாது. அதையும் ஒரு கூட்டம் நம்பிவிட்டது. அவர்கள் வைத்த சோதனையில் இன்றைக்கும் ஆட்கள் தோற்றுக்கொண்டிருக்கிறார்கள், அதில் சிலர் அதையே வீடியோவாகவும் போட்டுவிடுகிறார்கள்.

பழைய கதாபாத்திரத்தைத் தொடவே கூடாது என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். டிவியில் வந்த எட்டே ஒரு மறுவாசிப்புதான். வால்டர் புரூக்ஸ் என்ற எழுத்தாளர் 1937லிருந்து பத்திரிகைகளில் எழுதிய கதைகள் அதற்கு மூலம். அங்கே வில்பரின் பெயர் வில்பர் போப், ஆள் நல்ல குடிகாரர், குதிரையும் சேர்ந்து ஊற்றிக்கொள்ளும். லூபினின் செயலாளர் சோனியா செர்னஸ் அந்தக் கதைகளை அவர் கண்ணில் காட்டினார், நகைச்சுவை நடிகர் ஜார்ஜ் பர்ன்ஸ் பணம் போட்டு முதல் முன்னோட்டம் எடுத்தார், அது போணியாகவில்லை, ஆளை மாற்றி, குதிரையை மாற்றி, குடியை எடுத்துவிட்டு, வீட்டுக்குள் குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்கிற எட்டை உருவாக்கினார்கள். எவ்வளவு பெரிய மாற்றம்! ஆனால் மூலத்தைப் படித்துவிட்டு மாற்றினார்கள், மாற்றினோம் என்று தெரிந்து மாற்றினார்கள்.

2014ல் வந்த ‘போஜாக் ஹார்ஸ்மேன்’ இன்னும் நல்ல உதாரணம். தொண்ணூறுகளின் குடும்பக் காமெடி ஒன்றில் நடித்துப் புகழ்பெற்று, பிறகு குடியிலும் சுயவெறுப்பிலும் மூழ்கிப்போன குதிரை. பழைய டிவிக் குதிரைக்கு மனசு என்று ஒன்று இருந்தால் எப்படி இருக்கும் என்று கேட்ட தொடர்தான் அது, நான் மூச்சுவிடாமல் பார்த்தேன். அதற்காக அவர்கள் எட்டின் கழுத்தில் கயிறு மாட்டி இழுத்து வரவில்லை. சொந்தமாக ஒரு குதிரையைப் படைத்தார்கள். பக்கத்து வீட்டு நாய் ஒருத்தனுக்கு மட்டும் மனிதனாகத் தெரிகிற ‘வில்ஃப்ரெட்’ தொடர் இருக்கிறதே, ஆஸ்திரேலியாவில் 2007ல், அமெரிக்காவில் 2011ல், அங்கே அவன் மனநிலை சரியாக இருக்கிறதா என்ற கேள்வியைத் தொடரை எடுத்தவர்களே முதல் எபிசோடிலேயே வைத்துவிட்டார்கள். தாராளமாகப் பேசுங்கள், மணிக்கணக்காகப் பேசுங்கள், அது பேசுவதற்கென்றே வைத்தது.

மோசமான மறுவாசிப்பும் பார்த்தாயிற்று. ஸ்கூபியின் சகோதரி மகன் ஸ்கிராப்பி 1979ல் வந்தான், குட்டி நாய், வாய் நீளம், எதற்கெடுத்தாலும் சண்டைக்கு நிற்பான். ரசிகர்கள் பலருக்கு அவனைப் பிடிக்காது. 2002ல் வந்த படம் அந்த எரிச்சலையே மூலதனமாக்கி அவனை வில்லனாக்கியது. எனக்கும் ஸ்கிராப்பியைப் பிடிக்காதுதான், ஆனாலும் மாமா மேல் உயிரையே வைத்திருந்த குட்டியை மாமாவுக்கே எதிரியாக்கியது பழிவாங்கல்தானே தவிர அதில் வேறு என்ன இருக்கிறது? சப்ரினா என்ற சூனியக்காரப் பெண்ணின் தொடரில் வருகிற ‘சேலம்’ என்ற பூனைக்கு நேர்ந்தது இன்னும் கொடுமை. 1996ல் தொடங்கிய தொடரில் சேலம் ஒரு மந்திரவாதி, உலகத்தைப் பிடிக்கப் பார்த்த குற்றத்துக்கு நூறு வருடம் பூனையாக இருக்கத் தண்டனை. நிக் பேக்கே குரலில் அந்தப் பூனையின் சுயபச்சாதாபமும் தீனி ஆசையும் இல்லாவிட்டால் தொடரே இல்லை. 2018ல் மறுபடி எடுத்தபோது சேலத்தைப் பேசாத பூனை ஆக்கிவிட்டார்கள். கதை இருட்டானதாம், அதனால் பூனை பேசினால் சரிவராதாம். எனக்கு என்னவோ, உலகத்தைப் பிடிக்கப் பார்த்தவன் பூனை உடம்புக்குள் மாட்டிக்கொண்டு சிரிப்பு காட்டுவதைவிட இருட்டு எது என்று தெரியவில்லை.

இதெல்லாம் ரசனைச் சண்டை. இதற்காக மட்டும் மடல் எழுதியிருக்க மாட்டேன்.

எங்கள் வீட்டில் பெரியப்பாவுக்கு மனச்சிதைவு நோய். நான் சிறுவனாக இருந்தபோதே வந்தது. குரல் கேட்பது எப்படி இருக்கும் என்று எங்களுக்கு நீங்கள் வயலின் போட்டுச் சொல்ல வேண்டியதில்லை. அவருக்குக் கேட்கும் குரல் கேரட் கேட்காது, ஜோக் அடிக்காது. இரண்டு பேர் அவரைப் பற்றி அவர் காதுபடவே கேவலமாகப் பேசிக்கொள்வார்களாம். அது அதிகமாகும் நாளில் சமையலறை ரேடியோவை எடுத்துத் தன் காதோரம் வைத்துச் சத்தத்தை ஏற்றிக்கொள்வார், செய்தியோ பாட்டோ விளம்பரமோ, எதுவாக இருந்தாலும் சரி. அதைப் பார்த்ததும் பெரியம்மா ஒன்றும் கேட்காமல் மாத்திரை டப்பாவை எடுப்பார். மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் மாதக்கணக்கில் தொந்தரவு இருக்காது. வேலைக்குப் போனார், பெண்ணைக் கட்டிக்கொடுத்தார், இன்றைக்கும் ரேஷன் கடைக்கு அவர்தான் போகிறார்.

உங்கள் வீடியோவைப் பார்த்த என் அக்கா மகன், பத்தாம் வகுப்புப் படிக்கிறவன், லீவுக்கு வந்திருந்தபோது பெரியப்பா தனக்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு காபி குடிப்பதைப் பார்த்துவிட்டு, "தாத்தா, உங்க கொட்டாயிலயும் குதிரை பேசுதா?" என்றான். சிரித்துக்கொண்டேதான் கேட்டான். பையன் கெட்டவன் இல்லை, போனில் பார்த்ததைச் சொன்னான். பெரியப்பாவுக்கு முதலில் புரியவில்லை, என்ன குதிரை என்று கேட்டார், இவனும் வெகுளியாகப் போனை நீட்டி வீடியோவைக் காட்டிவிட்டான். அதில் உங்கள் குரல் அந்த நோயின் பெயரைச் சொல்லி, இப்படிப்பட்டவர்கள் எப்போது என்ன செய்வார்கள் என்று சொல்ல முடியாது என்கிறது, உடனே கத்தி மின்னும் ஒரு கிராஃபிக்ஸ். டம்ளரை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோய்விட்டார். அன்றைக்கு ராத்திரி மாத்திரை வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தார், அதைப் போட்டால்தானே பைத்தியம் என்கிறார்கள் என்றார். பெரியம்மா அவரைச் சமாதானப்படுத்த விடிந்துவிட்டது.

குதிரைக்காக நான் எழுதுகிறேன் என்று சிரிக்கிறவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படியுங்கள். ஒரு காமெடியை ‘ஆழமாக’ ஆக்குவதற்கு ஒரு நோயை எடுத்து மசாலா மாதிரி தூவுகிறீர்கள், அந்த நோயோடு வாழ்கிற ஆட்களும் அதே போனில்தான் வீடியோ பார்க்கிறார்கள் என்று உங்களுக்குத் தோன்றவே இல்லை. எனக்கு இன்னொன்றும் விளங்கவில்லை. பஞ்சதந்திரத்தில் நரியும் சிங்கமும் பேசாத பேச்சா? அதைச் சொன்ன பாட்டியை யாராவது டாக்டரிடம் கூட்டிப் போனோமா? மிருகம் பேசும் கதை கேட்டு வளர்ந்த நமக்கு, அமெரிக்கக் குதிரை பேசினால் மட்டும் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது.

இனி நான் கேட்பவை. வீடியோவை நீக்கச் சொல்லவில்லை. உழைத்திருக்கிறீர்கள், இருக்கட்டும். ஆனால் தலைப்பில் இருக்கிற ‘உண்மை’யை எடுத்துவிட்டு ‘என் ஊகம்’ என்று போடுங்கள். நோயின் பெயரும் அந்தக் கத்தி கிராஃபிக்ஸும் வருகிற பகுதியை வெட்டுங்கள், எடிட்டரில் ஐந்து நிமிட வேலை என்று உங்களுக்கே தெரியும். இனிமேல் எந்தப் பேசும் மிருகத்துக்கும் எஜமானுக்கும் மனநோய்ப் பெயர் சூட்டுவதற்கு முன்னால், அந்த நோய்க்கு வைத்தியம் பார்க்கிற ஒரு மருத்துவரிடம் பேசிவிட்டு, அவர் சொன்னதையும் சேர்த்துப் போடுங்கள். கதாபாத்திரத்தைப் பற்றிப் பேசுகிற வீடியோவில் அதற்குக் குரல் கொடுத்தவர் பெயரையும், உண்மையான மிருகம் நடித்திருந்தால் அதைப் பழக்கியவர் பெயரையும் ஒரு வரியிலாவது சொல்லுங்கள். எட் விஷயத்தில் அது ஆலன் லேனும் லெஸ் ஹில்டனும். பேசப் போகிற தொடரில் முதல் எபிசோடையும், நடுவில் எடுத்த இரண்டையும், கடைசி எபிசோடையுமாவது பார்த்துவிட்டு மைக்கைத் திறங்கள். அடுத்த வீடியோ டாப் கேட் பற்றி என்று அறிவித்திருக்கிறீர்கள், அது மொத்தமே 30 எபிசோடுதான், ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்.

திருத்தத்தை இந்த மாதக் கடைசிக்குள் செய்து, எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும்படி ‘பின்’ (pin) செய்த கமெண்டில் என்ன மாற்றினீர்கள் என்று எழுதுங்கள், மாற்றியது தெரியாமல் மாற்ற வேண்டாம். என் மேல் இருக்கிற பிளாக்கையும் எடுத்துவிடுங்கள். அழித்த கமெண்டின் பிரதி என்னிடம் இருக்கிறது, மறுபடி போடுகிறேன், தப்பு இருந்தால் அங்கேயே எல்லார் முன்னாலும் சொல்லுங்கள்.